அடிக்கணக்கும் ஆள்கணக்கும்

ஜூலை 30 மனிதக் கடத்தலுக்கு எதிரான உலக நாள் என்று ஐ.நா. 2013இல் அறிவித்ததிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில் பெங்களூருவின் கல்லூரிகளிலும் குடியிருப்பு வளாகங்களிலும் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளைப் பார்க்க முடிகிறது. பெரும்பாலானவற்றில் இரண்டே படங்கள்தான் மாறி மாறி வருகின்றன. ஒன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்ட இரண்டு கைகள். மற்றொன்று, இருட்டறையின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி. வரைபவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த நகரத்தில் நெடுங்காலமாகக் கணக்குத் தணிக்கை வேலை பார்த்து வருபவள் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சங்கிலியையே தேடிப் பழகிய கண்ணுக்குச் சம்பளப் பதிவேடு படாது; இன்றைக்கு நம்மைச் சுற்றியிருக்கும் அடிமை வேலையில் பெரும்பகுதி, முடித்துக் கொடுக்கப்படாத ஒரு கணக்கில்தான் தங்கியிருக்கிறது.

எண்களைப் பார்த்துவிடுவோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, பன்னாட்டுப் புலம்பெயர்வு அமைப்பு, நவீன அடிமை முறையை எதிர்த்து இயங்கும் வாக் ஃப்ரீ என்ற அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 2022 செப்டம்பரில் வெளியிட்ட மதிப்பீடு, 2021ஆம் ஆண்டின் எந்தவொரு நாளை எடுத்துக்கொண்டாலும் உலகில் 4.96 கோடிப் பேர் நவீன அடிமை நிலையில் இருந்தார்கள் என்கிறது. அவர்களில் 2.76 கோடிப் பேர் கட்டாய வேலையிலும் 2.2 கோடிப் பேர் கட்டாயத் திருமணத்திலும் இருந்தவர்கள். கட்டாய வேலையில் 86 சதவீதம் தனியார் துறையில் நடக்கிறது, அதாவது நானும் நீங்களும் பொருள் வாங்கும், வேலை கொடுக்கும் இடங்களில். நம் நாட்டைப் பொறுத்தவரை 2016இல் மத்திய அரசே, 2030க்குள் 1.84 கோடிக் கொத்தடிமைத் தொழிலாளரை அடையாளம் கண்டு விடுவித்து மறுவாழ்வு அளிப்பது தன் இலக்கு என்று சொன்னது. 1978 முதல் இன்றுவரை அரசுப் பதிவுகளின்படி விடுவிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 3.15 லட்சம் பேர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை எந்த நிறுவனத்தின் ஐந்தொகையில் பார்த்திருந்தாலும் நான் கையெழுத்திட மறுத்திருப்பேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. மனித வணிகத்தையும் கட்டாய வேலையையும் அரசமைப்பின் 23ஆம் பிரிவே தடை செய்கிறது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்தால், அதை எழுதியவர்களுக்குச் சங்கிலியைவிடக் கணக்கைப் பற்றிய தெளிவு அதிகம் இருந்தது புரியும். முன்பணம் வாங்கியதன் காரணமாக ஒருவர் குறைந்தபட்சக் கூலிகூடப் பெறாமல் உழைக்க நேர்ந்தாலோ, வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலோ, விரும்பிய இடத்துக்குச் சென்றுவர முடியாமற் போனாலோ, தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாமற் போனாலோ அது கொத்தடிமை முறையே என்று அச்சட்டம் வரையறுக்கிறது. நான்கில் ஒன்று இருந்தாலே போதும். பூட்டிய அறை வேண்டியதில்லை, சவுக்கு வேண்டியதில்லை.

இதை இன்னும் விரித்துச் சொன்னவை டெல்லியைச் சுற்றி நடந்த இரண்டு வழக்குகள். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டடம் எழுப்பிய தொழிலாளர்களின் கூலி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்ய நேர்வதே கட்டாய வேலைதான் என்றும், பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் பலவந்தத்தின் ஒரு வகைதான் என்றும் தீர்ப்பளித்தது. ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களைப் பற்றிச் சுவாமி அக்னிவேஷின் கொத்தடிமை விடுதலை இயக்கமான பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்த அதே நீதிமன்றம், 1983 டிசம்பரில் அதைவிடவும் முக்கியமான ஒன்றைச் சொன்னது: ஒருவர் கட்டாயத்தின்பேரில் வேலை செய்கிறார் என்று தெரியவந்தால், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு முன்பணம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்றால் அதை நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. கடன்பத்திரத்தையோ கணக்கு நோட்டையோ அந்தத் தொழிலாளி எங்கே போய்த் தேடிக் கொண்டுவருவார் என்ற எளிய நியாயம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

பெங்களூருவில் தமிழ் பேசும் நமக்குக் கொத்தடிமை என்றதும் நினைவுக்கு வருவது ஊர்ச் செய்திகள்தான். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்கள் மீட்கப்பட்டபோது, அவர்களில் ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படத்தைப் பலரும் பார்த்திருப்போம். அவர் பட்ட கடன் ஆயிரம் ரூபாய் என்று செய்திகளில் எழுதியிருந்தார்கள். அந்தப் படத்தைக் கைப்பேசியில் பகிர்ந்துகொண்டவர்களில் என் உறவினர்களும் உண்டு. எல்லாருக்கும் கண் கலங்கியது. செங்கற்சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு, கரும்பு வெட்டு என்று நம் மக்கள் பட்ட பாட்டைப் பேசும்போது நாம் இயல்பாகவே பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்றுகொள்கிறோம். இந்த நகரத்தில் நாம் ஆள் வைத்து வேலை வாங்குபவர்களாகவும் இருக்கிறோம் என்பது அவ்வளவு எளிதாக நினைவுக்கு வருவதில்லை. கட்டட ஒப்பந்தம், விடுதி, பேக்கரி, தண்ணீர் லாரி, அடுக்குமாடிச் சங்கம் என்று எதை எடுத்தாலும் அதில் தமிழ் பேசும் முதலாளி ஒருவராவது இருப்பார். எனக்கு நேரில் தெரிந்த ஒரு தொழிலையே எடுத்துக்கொள்கிறேன்: ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வெல் வண்டித் தொழில்.

இந்தத் தொழிலுக்கு இந்தியாவிலேயே தலைநகரம் என்று திருச்செங்கோட்டைச் சொல்வார்கள். வானம் பொய்க்கும் கொங்குப் பகுதியில் பிறந்த தொழில், இன்று காஷ்மீர் வரைக்கும், கடல் தாண்டி ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போய்விட்டது. தமிழர்களின் முனைப்புக்கு எடுத்துக்காட்டாக அதைச் சொல்வதில் எனக்கும் பெருமைதான். வண்டியோடு போகும் ஆட்கள் தொடக்கத்தில் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களாகவே இருந்தார்கள். ஊரில் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனதும் அந்த இடத்துக்குச் சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்கள் வந்தார்கள். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியிலிருந்து போர்வெல் வண்டிகளுக்கு அழைத்துவரப்பட்டு, சம்பளமும் இல்லாமல் ஊருக்கும் போக முடியாமல் மாட்டிக்கொண்டு, பின்னர் மீட்கப்பட்ட பழங்குடி இளைஞர்களைப் பற்றிய செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. எல்லா வண்டியும் அப்படி என்று நான் சொல்லவில்லை. மாதாமாதம் வங்கியில் சம்பளம் போடும் முதலாளிகளையும் எனக்குத் தெரியும், அவர்களில் இருவரின் வரிக் கணக்கைப் பார்ப்பதே நான்தான்.

2024 மார்ச்சில் பெங்களூருவில் தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. நகரில் உள்ள 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று மாநில அரசே அறிவித்த நேரம். கே.ஆர்.புரம் பக்கத்திலுள்ள எங்கள் வளாகத்திலும் பழைய கிணறு கைவிட்டது. சங்கம் கூடிப் பேசி, அனுமதி வாங்கி, ஒரு வண்டியைப் பிடித்தது. பக்கவாட்டில் திருச்செங்கோட்டு முகவரியும் நெற்றியில் முருகன் படமுமாக வந்து நின்ற அந்த வண்டியையும், துளையிடும் இரும்புத் தண்டுகளான ராடுகளை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்த துணை லாரியையும் பார்த்ததும், நம்மூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று எங்கள் வளாகத்துத் தமிழர்களுக்கு ஒரு மகிழ்ச்சி.

போர்வெல் போடுவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. குழியிலிருந்து முதலில் செம்மண்ணும், பாறை தட்டியதும் சாம்பல் நிறத்தில் மாவுபோன்ற தூளும் பீய்ச்சிக்கொண்டு வரும். ஒரு ராடு இருபது அடி. அது உள்ளே இறங்கி முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, அடுத்த ராடைத் தூக்கி மேலே கோத்து முறுக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் மூன்று பையன்கள். ரப்பர்ச் செருப்பு, அரைக்கால் சட்டை, தலையில் ஒரு துண்டு. முகத்திலும் புருவத்திலும் கல்தூள் படிந்து மூவரும் ஒரே சாயலில் இருந்தார்கள். காதுக்கு அடைப்பான் இல்லை, மூக்குக்கு அந்தத் துண்டின் முனைதான். கல்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் என்ற நோய் குணப்படுத்த முடியாதது என்பதைக் கல்குவாரித் தொழிலாளர்களின் வழியாக மருத்துவம் எப்போதோ கண்டறிந்துவிட்டது. இயந்திரத்துக்குக் காற்று வடிகட்டி இருந்தது, அதை அந்தப் பையன்களில் ஒருவன்தான் தட்டித் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

எங்கள் சங்கப் பொருளாளர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் நோட்டை வைத்து ராடுகளை எண்ணினார். கட்டணம் அடிக்கணக்கில்தான். முன்னூறு அடிவரை ஒரு விலை, அதற்கு மேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் விலை ஏறும். ஒரு ராடைக் கூட்டிச் சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். ஒரு ராடைக் குறைத்து எழுதிவிடுவார்களோ என்று வண்டியின் மேனேஜருக்குப் பயம். ஆகவே மேனேஜரும் வண்டியின் இரும்புப் பலகையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். இரவு எவ்வளவு நேரமானாலும் இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும், போயிற்று. பூமிக்குள் ஆயிரத்து இருநூறு அடிக்குப் போன இரும்பை ஓர் அடி பிசகாமல் இரு தரப்பும் எழுதி வைத்துக்கொண்ட அந்த இரவில், அந்த மூன்று பேரும் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கினார்கள், எப்போது சாப்பிட்டார்கள், எப்போது முடித்தார்கள் என்பது எந்த நோட்டிலும் ஏறவில்லை.

ராடு மாற்றும் இடைவெளியில் அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது நான் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் தொடங்கினேன். மூவரில் சற்று மூத்தவன் நல்ல தமிழில் பதில் சொன்னான், அதுவும் கொங்குத் தமிழில்.

"பஸ்தர் பக்கமுங்க அக்கா. வந்து ஏழு மாசமாச்சுங்க."

சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்று கேட்டேன்.

"இல்லீங்க. ஊருக்குப் போறப்ப மொத்தமாத் தருவாங்க. வர்றப்ப அப்பாகிட்ட அட்வான்ஸ் குடுத்தாங்க. நடுவுல செலவுக்கு ஐநூறு, முந்நூறு கேட்டா மேனேஜர் குடுப்பாருங்க."

"நடுவுல ஊருக்குப் போகணும்னா?"

அவன் சிரித்தான். "போனாக் கணக்கு போயிருமுங்க அக்கா."

ஆதார் அட்டை வண்டியில் மேனேஜரின் பெட்டியில் இருப்பதாகவும், தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றும் அவனே சொன்னான். மேனேஜரிடமும் பேசினேன். அவர் கோபப்படவில்லை, என் கேள்விதான் அவருக்கு விளங்கவில்லை. "ஏனுங்கம்மா, பசங்களுக்கு என்னங்க குறைச்சல்? மூணு வேளையும் சோறு போடறமுங்க. மாசாமாசம் கையில குடுத்தா தண்ணியடிச்சுத் தீத்துருவானுங்க. மொத்தமாக் குடுத்தாத்தான் ஊர்ல போயி ஒரு வண்டி கிண்டி வாங்குவானுங்க." அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. தொழிலாளியின் பணத்தைத் தொழிலாளியின் நன்மைக்காகத் தான் பிடித்துவைத்திருப்பதாக அவர் மனமார நம்பினார். அந்த நம்பிக்கைதான் இந்த ஏற்பாடு இத்தனை காலம் எவர் மனத்தையும் உறுத்தாமல் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் என்பது என் கருத்து.

இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை. மாதம் 9,000 ரூபாய், பத்து மாதம் என்று பேச்சு. வீட்டில் கொடுத்த முன்பணம் 20,000. ரயில் செலவும் ஏஜெண்டின் கமிஷனும் 6,000. அதுவும் பையன் தலையில்தான் எழுதப்படும். செலவுக்கு மாதம் 500. மூன்று மாதம் முடியும்போது அவன் ஈட்டியது 27,000, அவன் பெயரில் உள்ள பற்று 27,500. நான்காம் மாதத்தின் முதல் சில நாட்களிலேயே கடன் முழுவதும் அடைந்துவிடுகிறது. அன்றிலிருந்து கடன்பட்டவர் முதலாளிதான். ஏழாம் மாத முடிவில் அவர் அந்தப் பையனுக்கு 33,500 ரூபாய் தர வேண்டியிருக்கிறது. ஆனால் வண்டியில் எல்லாருடைய பேச்சிலும், அவனுடைய பேச்சிலும்கூட, அவன்தான் இன்னும் அட்வான்ஸ் வாங்கியவன். முன்பணம் அவனை வண்டியில் ஏற்றியது, அவ்வளவுதான். இறங்கவிடாமல் வைத்திருப்பது அவனுக்கே சேர வேண்டிய பணம். கடன் வளரும்போது ஆள் ஓடிவிடுவான் என்று அஞ்சும் முதலாளி, சேமிப்பு வளரும்போது அஞ்சத் தேவையில்லை, ஏனென்றால் அது தன் கையில் இருக்கிறது.

சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் நாட்டுக் கூலிச் சட்டத்தின் மிகப் பழைய விதி, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய வேலையைக் கண்டறியப் பதினொரு அடையாளங்களைத் தந்திருக்கிறது: சம்பளத்தைப் பிடித்துவைத்தல், அடையாள ஆவணங்களை வாங்கி வைத்தல், கடன் பிணைப்பு, தனிமைப்படுத்தல், அளவுமீறிய வேலை நேரம் என்று அந்தப் பட்டியல் போகிறது. ஒரு தேநீர் நேரத்துப் பேச்சில் எனக்கு இவற்றில் பல தென்பட்டன. ஆனாலும் அது கொத்தடிமை வேலைதான் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. மாவட்ட நிர்வாகம் விசாரித்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது. எனவே வண்டி எண், தேதி, இடம், அவன் சொன்ன ஏழு மாதம், மேனேஜரின் பெட்டியிலிருந்த ஆதார் ஆகியவற்றை எழுதி உரிய அலுவலகத்துக்கு அனுப்பினேன். அந்த அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பேசிய நாளில் வண்டி ஆந்திராவுக்குப் போய்விட்டிருந்தது. "இனி அது எங்கள் மாவட்டத்தில் இல்லையே" என்றார் பேசியவர். 1976ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட ஆட்சியரையும், மாவட்டம், கோட்டம் என்று இரண்டு நிலைகளில் அமைக்கப்படும் கண்காணிப்புக் குழுக்களையும் நம்பி எழுதப்பட்டது. சூளையும் குவாரியும் இருந்த இடத்தில் இருக்கும். சக்கரத்தில் ஏறிய வேலையிடத்தை அது நினைத்துப் பார்க்கவில்லை.

"அவனே விரும்பித்தானே வந்தான்?" என்பது இதைப் பேசும்போதெல்லாம் பிறர் என்னிடம் கேட்கும் கேள்வி. பெண்களுக்கு எதிரான குற்றங்கள் தொடர்பான சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு திருத்தி எழுதப்பட்டபோதே இதற்குப் பதில் சொல்லப்பட்டுவிட்டது. இன்று அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. மிரட்டியோ, ஏமாற்றியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ, பணமோ பலனோ காட்டி இணங்கவைத்தோ ஒருவரைச் சுரண்டலுக்காக ஆள்சேர்த்தால், கொண்டுசென்றால், தங்கவைத்தால், பெற்றுக்கொண்டால் அது மனிதக் கடத்தல். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் அங்கே பொருட்டே அல்ல. ஒருவரைக் கடத்தினால் ஏழு முதல் பத்து ஆண்டுவரை கடுங்காவல்; ஒருவருக்கு மேற்பட்டவர் என்றால் பத்தாண்டு முதல் ஆயுள்வரை. பையப்பனஹள்ளியிலுள்ள புதிய விஸ்வேஸ்வரய்யா முனையத்தில் கிழக்கிலிருந்து வரும் ரயில்கள் நிற்கும் நேரத்தில் நின்று பார்த்தால், ஒரே மாதிரிப் பை தோளில் தொங்க, ஒருவர் பின்னால் பதினைந்து இருபது பேர் வரிசையாக நடந்து போவது தெரியும். அவர்களில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்க வந்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் அல்லர். அவர்களை நிறுத்தி விசாரிக்கும் அதிகாரமோ தேவையோ நமக்கு இல்லை. நான் சொல்ல வருவது, கடத்தலும் பார்வைக்கு அந்த வரிசையைப் போலவேதான் இருக்கும் என்பது.

படித்தவர்களுக்கு இதெல்லாம் நேராது என்ற எண்ணத்தை 2022 உடைத்துவிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை, சந்தைப்படுத்தல் வேலை என்று சமூக ஊடக விளம்பரங்களைப் பார்த்தும், துபாயிலும் இந்தியாவிலும் இருந்த ஏஜெண்டுகளை நம்பியும் போன கணினி தெரிந்த இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். வெளியுறவு அமைச்சகம் அந்த ஆண்டு செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. முகாமை நடத்தியவர்கள் கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, முகம் தெரியாதவர்களை இணையத்தில் ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையை நாளெல்லாம் செய்யவைத்து, இலக்கை எட்டாதவர்களை அடித்து, விட்டுவிடச் சொன்னால் டாலரில் பணம் கேட்டார்கள். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் தாய்லாந்தின் மே சோட் வழியாகத் திரும்பி வந்தார்கள். இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை மிகச் சிலவே. வருகையின்போது தரப்படும் சுற்றுலா விசாவில் பொதுவாக வேலை பார்க்க அனுமதி கிடையாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு, வரி நீங்கலாக, 30,000 ரூபாய். லட்சக்கணக்கில் கேட்பவர், அவ்வளவையும் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்பவர், இருவருமே ஒன்றுதான். மியாவாடியின் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பொறியாளருக்கும் வண்டியில் ராடு மாற்றிய பையனுக்கும் இடையே படிப்பில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. கணக்கின் அமைப்பில் ஒரு வேறுபாடும் இல்லை.

இனி, ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? குழந்தைகள் என்றால் 1098, பெண்கள் என்றால் 181, உடனடி ஆபத்து என்றால் 112. கொத்தடிமை வேலை என்று தோன்றினால், கர்நாடகத்தில் மாவட்ட ஆணையருக்கோ கோட்டத்தின் உதவி ஆணையருக்கோ எழுத்து மூலம் தெரிவிக்கலாம். இடத்தின் சரியான அடையாளம், எத்தனை பேர், எந்த ஊர், என்ன மொழி, யார் அழைத்து வந்தது, முன்பணம், கடைசியாகச் சம்பளம் கிடைத்த நாள், ஆவணங்கள் யாரிடம் என்பவற்றை எழுதினால் போதும். நம் அனுமானங்கள் வேண்டாம். நாமே கும்பலாகப் போய் மீட்பது, படம் பிடித்து வலையேற்றுவது இரண்டும் கூடாது. நாம் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அடி வாங்குவது அவர்கள்தான், படத்தில் முகம் தெரிந்ததற்காக ஊரில் அவமானப்படுவதும் அவர்கள்தான்.

அதிகாரிகள் வந்த பிறகு நடப்பதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தொழிலாளர்களை முதலாளியின் முன்னால் நிறுத்திக் கேட்டால் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். தனியாக, அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துத்தான் கேட்க வேண்டும். அடுத்த ஆபத்து, சமரசம். இது சம்பளப் பாக்கித் தகராறுதான் என்று முடிவு கட்டி, முதலாளியிடமிருந்து ஒரு தொகையை வாங்கிக் கையில் கொடுத்து, அன்றிரவே ரயிலேற்றி அனுப்பிவிட்டால் வெளிப்பார்வைக்கு எல்லாம் சுபமாக முடிந்ததுபோல இருக்கும். விடுதலைச் சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பும் தொழிலாளி, சட்டத்தின் கண்ணில் கொத்தடிமையாக இருந்ததே இல்லை. அந்தத் தாள் இருந்தால்தான் பழைய கடன் சட்டப்படி அழிந்துபோனதற்குக் கையில் ஆதாரம். அதற்குப் பிறகும் அந்தக் கடனை வசூலிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையிலும், 2016ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டப்படி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் வரையிலும் கிடைக்க வழி உண்டு. பெருந்தொகை வழக்கின் போக்கோடு பிணைக்கப்பட்டிருப்பதால் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது என்பதும் உண்மை. அந்த இடைவெளியில் பழைய ஏஜெண்டு மறுபடியும் அட்வான்ஸோடு வாசலில் நிற்பார்.

விழிப்புணர்வு இயக்கங்கள் பெரும்பாலும் பாதிக்கப்படக்கூடியவர்களை நோக்கியே பேசுகின்றன. ஏமாறாதே, நம்பாதே, போகாதே என்று பஸ்தரின் ஒரு கிராமத்தில் போய்ச் சொன்னால், போகாமல் அவன் சாப்பிட என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தச் சுவரொட்டியில் பதில் கிடையாது. பெங்களூருவில் சொல்ல வேண்டியது பணம் கொடுப்பவர்களிடம்தான். எங்கள் வளாகத்தில் இந்த ஆண்டு இரண்டாவது கிணறு தேவைப்பட்டபோது, வேலை ஆணையில் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன்: வண்டியில் வரும் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் தர வேண்டும், கடந்த மூன்று மாதச் சம்பளம் அவரவர் வங்கிக் கணக்கில் போனதற்குச் சான்று காட்ட வேண்டும், ஆதார் அவரவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். கூட்டத்தில் நல்ல சண்டை நடந்தது. நமக்கெதற்கு இந்த வம்பு என்றார் ஒருவர். நாம் வாங்குவது தண்ணீர், அவர்கள் குடும்பக் கதை அல்ல என்றார் இன்னொருவர். அடிக்கணக்கைச் சரிபார்க்க விடிய விடிய உட்காரும் நாம் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா என்று எனக்கு ஆதரவாகப் பேசியவர், நான் எதிர்பார்க்கவே இல்லை, அதே பொருளாளர்தான்.

விசாரித்த வண்டிக்காரர்களில் மூவர் இந்த நிபந்தனையைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். ஒருவர் ஒப்புக்கொண்டார், அடிக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்டார், சங்கம் சம்மதித்தது. வங்கிப் பரிமாற்றங்களை அவர் கைப்பேசியிலேயே காட்டினார். நான்கு பேருக்கு மாதாமாதம் ஒழுங்காகப் போயிருக்கிறது. ஐந்தாமவனின் சம்பளம் அவனை அழைத்துவந்த ஏஜெண்டின் கணக்குக்குப் போயிருக்கிறது. அவனுக்கு வங்கிக் கணக்கு இல்லை, அதனால்தான் என்கிறார் முதலாளி. கணக்குத் தொடங்க ஆதார் வேண்டும், ஆதார் ஏஜெண்டிடம் இருக்கிறது, ஏஜெண்டு ஊரில் இருக்கிறார். அது வந்து சேரும்வரை வண்டி வேண்டாம் என்று சொல்லி, கிணற்று வேலையை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.